ரேடியோவுக்குள் போன மெழுகுதிரி

சேசு மரி சூசை துணை

காமயகவுண்டன்பட்டி
26-3-1979

அன்புள்ள மகன் இருதயத்துக்கு அம்மா பாக்கியம் எழுதுவது. இங்கன உன் அய்யா சுகம், சவரியம்மாள் அத்தை சுகம், செவலைப் பசு சுகம், சுகமில்லாதது ரேடியோவும் நானும்தான். அங்கன பம்பாயில் நீயும் மருமகள் லூர்து மேரியும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தேவமாதாவிடம் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். போன கடுதாசியின் அடியில் பேத்தி தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாளே, நானே என் கையால் எழுதின மாதிரி இருந்தது, ஒரு எழுத்து கோணவில்லை, அதைத் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான், ஆனால் சிஸ்டர்மார் என் சிலேட்டை மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவாக, அந்தக் கைதான் பம்பாய்க்குப் போயிருக்கிறது என்று மருமகளிடம் சொல். இந்தக் கடுதாசியை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை, திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்து எழுதுகிறேன், ஏன் என்று கடைசியில் தெரியும். நீயும் வாசித்தபின் பத்திரமாக வை, பதில் எழுதும்போது இதில் உள்ளதை எழுதித் தொலைக்காதே, வருகிற கடுதாசியை எல்லாம் நான்தான் அத்தைக்குச் சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாத்துக்கும் முதல் காரணம் நீ. உன்னை யார் அப்படி எழுதச் சொன்னது. மழைக்குப் பிறகு ரேடியோ பேசவில்லை என்று உன் அய்யா ஒரு வரி எழுதினால், சரி விடுங்கள் என்று நீயும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டு நாலு பக்கத்துக்கு, அய்யா அதில் மெழுகு பூசின காயிதக் கண்டன்சர் இருக்கும், பழசாகிவிட்டால் ஈரம் ஏறிக் கரண்டைக் கசியவிடும், அதை எல்லாம் கழற்றிப் புதுசு போடாமல் சுவிட்சைப் போடாதீர்கள், டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும் என்று எழுதி, படமும் போட்டு, துணியில் தைத்து ஒரு பார்சலும் அனுப்பினாய். பார்சல் வந்த அன்றைக்கே உன் அய்யா தோட்டத்தை மறந்தாக. கொடிக்கு மயில்துத்தம் அடிக்க வேண்டிய வாரம் அது, தோட்டத்து வேலையாள் சின்னக்கருப்பு வந்து வாசலில் நின்று மருந்து கலக்கட்டுமா என்று மூன்று நாள் கேட்டான், நாளைக்கு நாளைக்கு என்று அவனை அனுப்பிவிட்டு இவுக ரேடியோவை என் கட்டில் மேல் குப்புறப் போட்டு முதுகைத் திறந்தாக. இருபது நாள் நான் தரையில் படுத்தேன், இலையில் புள்ளி விழுந்துபோயிற்று.

நீ எழுதினதில் ஒன்றையாவது எழுதினபடி செய்தாகளா என்று கேள். சுவிட்சை அணைத்து ஒரு நாள் விட்டுத்தான் தொட வேண்டும், பெரிய கண்டன்சருக்குள் கரண்டு தங்கியிருக்கும் என்று நீ சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தாய், அதை நான்தான் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பேசவே பேசாத ரேடியோவில் என்ன கரண்டு தங்கும் என்று சொல்லி, அப்போதுதான் ஒரு தரம் போட்டுப் பார்த்து அணைத்த ரேடியோவுக்குள் கையை விட்டாக. கரண்டு அடித்து முக்காலியோடு பின்னால் போய் நெல் குதிரில் மோதிக் கண்ணாடியின் ஒரு காது வளைந்தது. நான் சேசுவே என்று ஓடிப் போனால், எழுந்து உட்கார்ந்து, பாத்தியா இன்னும் உசுரு இருக்கு இதுக்கு என்று ரேடியோவைச் சந்தோஷமாகப் பார்க்காக. இப்படி ஒரு மனுசரோடு நாற்பத்தொரு வருசம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கழற்றினதை மட்டும் ஒழுங்காகக் கழற்றினாக. பந்தலில் கொடி கட்டுகிற வாழைநாரைக் கிழித்து, கழற்றின ஒவ்வொரு கண்டன்சரிலும் ஒன்று கட்டி, முதலாவதுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு முடிச்சு என்று பதினொன்று வரைக்கும் போட்டு, அது இருந்த இடத்திலும் அதே மாதிரி நார் கட்டி வைத்தாக. ரேடியோவுக்குள் பார்த்தால் சின்னத் தோட்டம் மாதிரி இருந்தது. அதோடு நின்று உன் புதுசைப் போட்டிருந்தால் எனக்கு இந்தக் கடுதாசி எழுத வேலை இருந்திருக்காது. உன் பார்சலைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாக, முகம் சுண்டிப்போயிற்று. பழசு ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம் விரல் தடிமன், நீ அனுப்பினது மஞ்சள் நிறத்தில் புளியங்கொட்டை அளவு. பிள்ளையைப் பம்பாயில் நல்லா ஏமாத்திட்டான், விரல் செய்த வேலையைக் கொட்டை செய்யுமா என்று சொல்லிவிட்டாக. கம்பத்துக்குப் பஸ் ஏறிப் போய் ரேடியோக் கடை சுயம்புலிங்கத்திடம் காட்டினாக. அவன் பார்த்துவிட்டு, ஐயா, இப்ப எல்லாம் இப்படித்தான் வருது, மேலே நம்பர் ஒண்ணுதான், பயப்படாமப் போடுங்க என்று சொல்லியிருக்கிறான். அதற்கு இவுக, நம்பரை யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம், சின்னப்பய சட்டையில பெரிய ஆளு பேரை எழுதிட்டா அவன் பெரிய ஆளாயிருவானா என்று கேட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்து, உன் கண்டன்சர் பதினொன்றையும் ஆணி போடுகிற டப்பாவில் போட்டாக. நான்தான் எடுத்துக் காயிதத்தில் சுற்றித் துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

பிறகுதான் அந்த வேலை நடந்தது. முன்னே மேகமலை எஸ்டேட்டில் ஒரு மெக்கானிக் ஈரம் ஏறின கண்டன்சரை வெயிலில் காயப்போட்டு, உருக்கின மெழுகில் முக்கி எடுத்துப் புதுசாக்கினதை உன் அய்யா பார்த்தாகளாம். பழசையே அப்படிச் செய்துவிட்டால் போகிறது என்று முற்றத்தில் முறம் போட்டு வற்றல் காயப்போடுகிற மாதிரி பதினொன்றையும் நாரோடு காயப்போட்டாக. மெழுகு வேண்டும் என்றாக. பெப்ருவரி இரண்டாம் தேதி கோயிலில் திரி மந்திரித்த திருநாளில் கொண்டுவந்த புதுத்திரி நாலு இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன், பெருந்தன்மையாகச் சொன்னேன். அது கடை மெழுகு, சூட்டுக்கு ஒழுகிரும், தேன்மெழுகுதான் பிடிச்சு நிக்கும் என்றாக. நம் வீட்டில் தேன்மெழுகு எது என்று உனக்குத் தெரியும். உன் அத்தையின் திரி. மாமா உயிரோடு இருந்தபோது அத்தை மலைத் தேனடையை வாங்கிக் காய்ச்சித் தன் கையால் ஊற்றின திரி, மணிக்கட்டுத் தடிமன், சாமியார் மந்திரித்தது, உயிர் பிரிகிற நேரத்தில் தீப் பொருத்திக் கையில் கொடுக்கிறதற்கு என்று வைத்திருக்கிறது. உன் தாத்தா கையிலும் பிறகு அந்த மாமா கையிலும் எரிந்தது அதுதான். மிச்சம் ஒரு முழத்துக்குக் குறைவு, இது எனக்குக் காணும் என்று அத்தை தகரக் குழாயில் போட்டு மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தாக.

நான் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தேன், அத்தை படுத்திருந்தாக. திரும்பி வரும்போது வீடு முழுக்கத் தேன்கூட்டை அடுப்பில் வைத்த வாசம். பால் டப்பாவில் மெழுகு கொதிக்கிறது, உன் அய்யா கண்டன்சரை ஒவ்வொன்றாக நாரைப் பிடித்து முக்கி எடுத்துத் தொங்கவிடுறாக. ஒரு தரம் முக்கினால் போதாதா, மூன்று தரம் முக்கி ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன் ஆயிற்று, ரேடியோவில் ஈயத்தால் பற்றவைத்து முடித்த பிறகு டப்பாவில் மீந்ததை வீணாக்கக் கூடாது என்று சந்துபொந்து எல்லாம் ஊற்றினாக. எது மெழுகு என்று நான் கேட்டேன், இவுக அடுத்த கண்டன்சரை முக்கினாக. மாதாவுக்குப் பின்னால் போய்க் குழாயைக் குலுக்கினேன், உள்ளே ஏதோ மெத்தென்று அசைந்தது. திறந்தால் நூல்திரி மட்டும் வளையமாகச் சுற்றி வைத்திருக்கிறது. நூலைக் கூட விட்டுவைத்திருக்கேன்ல என்று என்னிடமே சொன்னாக. மே மாதம் மலைக்குப் போய் நல்ல அடை வாங்கி வந்து ஊற்றி வைத்துவிட்டால் அக்காவுக்குத் தெரியாது, அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே என்றாக. அறுபத்து நாலு வயது. நான் அன்றைக்கு அவுகளோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை, மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ரேடியோ பேசிவிட்டது. ரேடியோ முகத்தில் இருக்கிற அந்தப் பச்சைக் கண் விளக்கு சிமிட்டிச் சுருங்கி, ஒரு தேனீக் கூட்டம் உள்ளே புகுந்த மாதிரி உம் என்று ஓர் இரைச்சலோடு செய்தி வாசித்தது. தெருவே வந்து பார்த்தது. உன் அய்யா எல்லாருக்கும், இதில பம்பாய்ச் சாமான் ஒண்ணு கூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாக. நான் உள்ளே போய் உலையைப் பார்த்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கி ஒரு வாரத்தில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது, எட்டாம் தேதி வியாழக்கிழமை சாயந்தரம் மூச்சு மேலே மேலே வாங்க ஆரம்பித்தது, கம்பத்து டாக்டர் ஊசி போட்டுவிட்டு வயசாயிருச்சு, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க என்று போய்விட்டார். உனக்குத் தந்தி கொடுக்கத்தான் இருந்தோம். சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெயோடு சாமியார் வந்தாக, கோயில் உபதேசியாரும் வந்தாக, தெருப் பெண்கள் எல்லாம் முழங்காலில் நின்று செபமாலை சொல்கிறார்கள். அந்த மூச்சிலும் அத்தை கண்ணைத் திறந்து என் திரி என்று கேட்டாக. உபதேசியார் தன் கையில் இருந்த கோயில் திரியைக் கொடுத்தாக, அத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இது இல்லை என்று தள்ளிவிட்டாக. பத்துப் பிள்ளைகளில் தலைப்பிள்ளையாக இருந்து தாய் செத்த பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவுக அவுக, உன் அய்யாவுக்குத் தாய் மாதிரி, உன்னையும் அவுகதான் தூக்கினாக. அவுக திரி இல்லாமல் போய்விட்டால் இவுகளுக்கு மிச்ச நாள் எப்படி உறக்கம் வரும் என்று நான் நினைக்கிறேன், இவுக கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்காக. பிறகு சொன்னாக, அக்கா, திரி ரேடியோவுக்குள்ள இருக்கு என்று.

செபம் சொன்னவர்கள் நிறுத்திவிட்டார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து உபதேசியார் இவுக தோளைப் பிடித்தாக. இவுக அழுதுகொண்டே கண்டன்சர், ஈரம், மெழுகு, மூன்று தரம் முக்கினது எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்கிற மாதிரி எல்லார் முன்னாலும் சொன்னாக. அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாக. கேட்டு முடித்து, ரெண்டு மூச்சு விட்டு, அப்ப அதைப் பொருத்துலே என்றாக.

வேறு என்ன செய்வது. சாமியார் தலையை ஆட்டினாக, இவுக ஓடிப் போய் சுவிட்சைப் போட்டாக. உனக்குத் தெரியும், அது சூடேறிப் பேச அரை நிமிசம் ஆகும். பச்சைக் கண் எரிந்தது, தேன்மெழுகு வாசம் வந்தது, அத்தை கண்ணை மூடி மூக்கால் அதை இழுத்தாக. சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசுகிற நேரத்துக்குச் சரியாக ரேடியோ வாய் திறந்து, சின்ன வெங்காயம் மூட்டை என்ன விலை, மிளகாய் வற்றல் என்ன விலை என்று வாசிக்கிறது. நிறுத்தப் போன என் கையை உன் அய்யா பிடித்துக்கொண்டாக. வெங்காயம், தேங்காய், பருத்தி எல்லாவற்றின் விலையையும் கேட்டுக்கொண்டுதான் உன் அத்தை அவஸ்தை பூசுதல் பெற்றாக. சாமியார் முகத்தைக் கோணாமல் முடித்தாக, வெளியே போய் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நின்று தோள் குலுங்கினதை நான் பார்த்தேன். அத்தை அப்படியே உறங்கினாக. விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, வெங்காயம் இந்த விலை விக்கிதா, ரசத்தில நீ நாலு போடாம ரெண்டு போடு என்று என்னிடம் சொன்னாக. அதனால்தான் உனக்குத் தந்தி வரவில்லை.

இதோடு முடிந்ததென்றால் நான் சிரித்து எழுதியிருப்பேன். அன்று முதல் தினம் சாயந்தரம் அத்தை கட்டிலை ரேடியோப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் திரியைப் பொருத்து என்கிறாக. தபசு காலத்தில் சினிமாப் பாட்டுக் கேட்டால் காதைத் திருகினவுக, இப்போது பாட்டுக்கு நடுவில் செபமாலை சொல்றாக, கேட்டால் பாட்டு ரேடியோவுடையது வாசம் என்னுடையது என்கிறாக. தேன்மெழுகும் ஒழுகத்தான் ஒழுகுகிறது. சூடேற ஏறச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. போன வாரம் சுயம்புலிங்கத்தை வரவழைத்துக் காட்டினோம். ஒரு கண்டன்சர் வீங்கிப்போச்சு, வால்வு மேல மெழுகு சொட்டுது, என்னைக்காவது ஒரு நாள் புகைஞ்சு டிரான்ஸ்பார்மரோட போயிரும், இன்னைக்கே மகன் அனுப்பினதைப் போட்டுத் தாரேன் என்று சொன்னான். இப்போது உன் அய்யாவும் சம்மதம், புளியங்கொட்டையே போதும் என்றாக. ஆனால் அத்தை கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி, அதுக்குள்ள என் நல்ல மரணம் இருக்கு, நான் கண்ணை மூடுற வரைக்கும் ஒருத்தன் அதைத் திறக்கப்படாது என்று சொல்லிவிட்டாக. அது எரிந்து அடங்குகிற அன்றைக்குத்தான் தானும் அடங்குவேன் என்றும் சொன்னாக. சுயம்புலிங்கம் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

உன் அய்யா நிலைமையைச் சொல்கிறேன். தினம் ரேடியோ பேசி முடிக்கிற வரைக்கும் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காக, கொஞ்சம் இரைச்சல் கூடினால் முகம் வெளுக்கிறது. ரேடியோ போனால் அக்கா போயிருவா பாக்கியம், நானே என் கையால செஞ்ச மாதிரி ஆயிரும் என்று முந்தாநாள் தோட்டத்தில் சொன்னாக. சாப்பாடு பாதியாயிற்று. அணைத்து வைக்கவும் முடியவில்லை, ஓடவிடவும் முடியவில்லை. எனக்கு இவுக மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை, ஆனாலும் வளைந்த கண்ணாடியோடு அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தால் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன், அதற்காகத்தான் மோட்டார் ரூமில் ஒளிந்து எழுதுகிறேன். ரேடியோவுக்குக் கீழே ஒரு கொட்டாங்குச்சி வைத்திருக்கிறேன், எறும்புக்கு வைத்ததாக எல்லாரும் நினைக்கிறார்கள். அதில் சொட்டுகிற மெழுகைத் தினமும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, உருக்கி, பழைய வேட்டித் துணியில் தூசி போக வடிகட்டி, உன் அய்யா விட்டுவைத்த அந்த நூல்திரியைச் சுற்றிக் கையை நனைத்துக்கொண்டு உருட்டுகிறேன். கறுத்த நிறமாக இருக்கிறது, மேடும் பள்ளமுமாக இருக்கிறது, ஆனால் அதே வாசம். இன்றைக்கு நாலு விரற்கடை நீளம் வந்திருக்கிறது. மந்திரித்த மெழுகு ரேடியோவுக்குள் போய் வந்தால் மந்திரம் போய்விடுமா என்று சாமியாரிடம் கேட்கவில்லை, கேட்டால் புஸ்தகத்தைப் பார்ப்பாக. உருகுகிறதற்குத்தானே அதை மந்திரித்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நீ செய்ய வேண்டியது இது. மே மாதம் லீவு போட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டு வா, அதற்குள் ஒரு சாண் ஆகிவிடும். நான் திரியை அத்தை கையில் கொடுத்து, மதினி உங்க திரி வெளிய வந்திருச்சு, தடவிப் பாருங்க என்று சொல்வேன். விரல் வைத்ததும் அவுகளுக்குத் தெரியும். பிறகு திறக்க விடுவாக, நீ பக்கத்தில் இருந்தால் கட்டாயம் விடுவாக. உன் அய்யாவைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு நீயே பற்றவைக்க வேண்டும், அவுக கையில் ஈயக் கம்பியைக் கொடுக்காதே. அதுவரைக்கும் தினம் அரை மணி நேரத்துக்கு மேல் ரேடியோ போடக் கூடாது, பம்பாயில் எல்லாம் அப்படித்தான் என்று அத்தை பெயருக்குப் பெரிய எழுத்தில் ஒரு கடுதாசி உடனே எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன், நீ சொன்னால் மட்டும் கேட்பாக.

மருமகளை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல். பேத்திக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடு, குடையை அவள் தொலைத்துவிடுவாள், நீ தொலைத்த மாதிரி. தேவமாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. நீ வந்து கழற்றுகிற பழைய கண்டன்சர் பதினொன்றையும் தூக்கி எறிந்துவிடாதே, நாரோடு அப்படியே என் கையில் கொடு. அதில் ஒட்டியிருக்கிற மெழுகு போதும், எனக்கும் உன் அய்யாவுக்கும் ஆளுக்கு ஒரு விரல் நீளத்துக்கு வரும்.

இப்படிக்கு உன்னைப் பெற்ற அம்மா
இ. பாக்கியம்